சயாமுக்குப் போனவர்களுக்கும் ஒருமுறை ஊதுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில், மெர்டேக்கா சுதந்திர நாள் அணிவகுப்புக்குப் பயிற்சி எடுக்கும் பள்ளி பேண்டுப் பிள்ளைகளின் படம் வந்திருந்தது. முன்வரிசைப் பையனின் மேளம் இடுப்புக்குக் கீழே தொங்குகிறது. வாரை இரண்டு ஓட்டை ஏற்றி மாட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அரை மைல் நடப்பதற்குள் தொடை கன்றிப்போகும். முப்பத்தோரு வருஷம் பேண்டு வாத்தியாராக இருந்தவனுக்கு எந்தப் படத்திலும் இதுதான் முதலில் கண்ணில் படுகிறது. சரி, நான் எழுத வந்தது வேறு விஷயம்: ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ரயில்பாதை போடப் போய் மாண்ட நம்மவர்களைப் பினாங்கில் ஒரு மாலை நினைவுகூர வேண்டும் என்பது.

என் மகள் வயிற்றுப் பேத்தி கனடாவில், ஒன்டாரியோவில் படிக்கிறாள். வயது 16. கார்னெட் என்ற பித்தளை வாத்தியம் ஊதுவாள். பாதியை இங்கே விடுமுறைக்கு வந்தபோதும் மீதியை வாட்ஸ்அப்பிலும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவள் இருக்கும் இளையோர் பேண்டை 2025 மே மாதம் நெதர்லாந்துக்கு அழைத்திருந்தார்கள். அந்த நாடு ஜெர்மன்காரர்களிடமிருந்து விடுபட்டு 80 ஆண்டு நிறைவு. அங்கே பெரும்பகுதியை மீட்டது கனடாப் பட்டாளம். அந்தச் சண்டையில் 7,600க்கு மேற்பட்ட கனடாக்காரர்கள் மாண்டிருக்கிறார்கள். அதனால்தான் டச்சுக்காரர்கள் இன்றைக்கும் கனடாப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஊதச் சொல்கிறார்கள். மருமகன் டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். ‘குளிர் தாங்குமா?’ என்று மனைவி கேட்டாள். தாங்கவில்லைதான், ஆனாலும் போனேன்.

ஹோல்டன் என்ற ஊருக்கு வெளியே, குன்றுபோல் ஓர் ஏற்றத்தில், பைன் மரங்களுக்கு நடுவே கனடாக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஒரே அளவில் 1,300க்கு மேற்பட்ட வெள்ளைக் கற்கள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முந்தின இரவு ஊர்ப் பிள்ளைகள் வந்து கல்லுக்கு ஒரு விளக்கு வைப்பார்களாம். ஒருநாள் காலை அங்கே பேண்டுப் பிள்ளைகள் மரியாதை செலுத்தினார்கள். மாண்ட பட்டாளக்காரர்களுக்காக ஊதும் லாஸ்ட் போஸ்ட் என்ற இசையை ஊதும் முறை பேத்திக்கு வந்தது.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது பட்டாளத்து ஊதுகொம்பான பியூகிளுக்கு ஏற்பட்ட அழைப்பு. பியூகிளில் விசை கிடையாது. ஐந்தே சுரம்தான், ஐந்தையும் உதட்டை இறுக்கியும் தளர்த்தியும்தான் வரவழைக்கவேண்டும். கார்னெட்டில் ஊதினாலும் விசைப் பக்கம் விரல் போகத் தேவையில்லை. கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். ஆனால் ஒளிந்துகொள்ள இடமில்லாத இசை அது. பக்கத்தில் துணை வாத்தியம் இல்லை, பின்னால் மேளம் இல்லை. குளிர் வேறு. குளிரில் பித்தளை வாத்தியம் சுருதி இறங்கும், உதடு மரத்துப்போகும். ‘கோட்டுக்குள்ள வெச்சுக்கோம்மா, ஊதப்போற வரைக்கும் மூச்சை விட்டுச் சூடு பண்ணிக்கிட்டே இரு’ என்று சொல்லியிருந்தேன். அப்படியே செய்தாள். ஆனாலும் மேல் சுரத்தில் ஓரிடம் பிசிறிவிட்டது. என் காதுக்குத் தப்பவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு மிச்சத்தை ஊதி முடித்தாள்.

முன்வரிசையில் சக்கர நாற்காலிகளில், முழங்கால்வரை கம்பளி போர்த்திய பழைய பட்டாளக்காரர்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் நூறை ஒட்டிய வயது. அதில் ஒருவர், முடிந்ததும் பேத்தியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். இவள் பிசிறியதைத்தான் சொல்லப் போகிறார் என்று பயந்துகொண்டே போனாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ‘உங்களுக்கெல்லாம் சாப்பாடு கொடுத்தார்களா?’ என்று கேட்டாராம். இன்னும் இல்லை என்றதும், பக்கத்திலிருந்த அதிகாரியைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். ‘தாத்தா, அவர் என் கைய விடவே இல்ல, ரொம்பக் கோவம் வேற’ என்று பஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மே 4ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு நாடே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். நேரில் பார்த்தேன். சைக்கிளில் போனவன் இறங்கி நின்றான். இறைச்சிக் கடைக்காரர் ஏப்ரனோடு வாசலில் வந்து நின்றார். அடுத்த நாள், 5ஆம் தேதி, கொடியும் ஜீப்பும் பேண்டும் ஐஸ்கிரீமுமாக ஒரே திருவிழா. முதல்நாள் துக்கம், மறுநாள் கொண்டாட்டம். இரண்டையும் கலக்காமல் வைத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது. நாம் எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றி, நடுவில் பொன்னாடையும் போர்த்திவிடுவோம்.

பிள்ளைகளை ஊர்க்காரர்கள் வீட்டுக்கு இரண்டு பேராகத் தங்கவைத்திருந்தார்கள். பேத்தி இருந்த வீட்டிலேயே எனக்கும் ஒரு கட்டில் போட்டார்கள். காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவி அதன்மேல் சாக்லேட் தூளைக் கொட்டிச் சாப்பிடுகிறார்கள், பெரியவர்களும்கூட. வீட்டுக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஓர் இரவு சமையலறை மேசையில் பேசிக்கொண்டிருந்தோம். 1944 கடைசியில் தொடங்கிய பனிக்காலத்தில் பட்டினியால் சுமார் 20,000 பேர் செத்ததையும், தன் அம்மா துலிப் பூச்செடியின் கிழங்கை வேகவைத்துத் தின்றதையும் சொன்னார். என் அம்மா ஜப்பான்காரன் காலத்தில் மூன்றரை வருஷம் மரவள்ளிக் கிழங்கிலேயே வளர்ந்தவர், அதற்குப் பிறகு சாகும்வரை அதைத் தொடவில்லை என்று நான் சொன்னேன். அப்போதுதான் அவர் எழுந்துபோய் ஓர் அட்டைக் கோப்பை எடுத்துவந்தார்.

அவருடைய பெரியப்பா டச்சுப் பட்டாளத்தில் ஜாவாவில் இருந்தவராம். ஜப்பானியர் பிடித்து, சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில்பாதை வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். 1943இல் அங்கேயே இறந்துவிட்டார். கோப்பில் ஒரு படம், ஒரு கடிதம், தாய்லாந்தில் இருக்கும் காஞ்சனாபுரி போர்க் கல்லறையின் வரைபடம். எந்தப் பகுதி, எந்த வரிசை, எத்தனையாவது கல் என்று பேனாவால் வட்டமிட்டிருந்தது. அந்தத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள். அதில் சுமார் 1,900 டச்சுக்காரர்களுடையவை.

என் பெரிய மாமாவும் அந்த ரயில்பாதைக்குப் போனவர்தான் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. உறவுக்காரனைக் கண்டுபிடித்தமாதிரி நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, வரைபடத்தை என் பக்கம் திருப்பி, ‘உங்கள் மாமா எந்த வரிசையில் இருக்கிறார்?’ என்று கேட்டார்.

ஆசிரியர் அவர்களே, அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது?

மாமாவுக்கு அப்போது 19 வயது. சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம் என்றார்களாம். தோட்டத்திலிருந்து இத்தனை தலை வேண்டும் என்று தோட்டக் கணக்கரான கிராணிக்கு உத்தரவு. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. தகரப் பெட்டியில் ஒரு கைலியும் ஒரு பித்தளை லோட்டாவும் வைத்துக்கொண்டு அண்ணன் லாரியில் ஏறியதை அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். லாரியின் பின்பலகை சரியாக மூடவில்லை, அண்ணன் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டும் இன்னொரு கையால் கையசைத்துக்கொண்டும் போனார் என்பார். சுங்கைப்பட்டாணி ஸ்டேஷனிலிருந்து சரக்குப் பெட்டிகளில் அடைத்து சயாமில் இருக்கும் பான்போங்வரை கொண்டுபோயிருக்கிறார்கள். போருக்குப் பிறகு அந்த லாரியில் போனவர்களில் ஒருவர் மட்டும், கணுக்காலில் ஆறாத புண்ணோடு, தோட்டத்துக்குத் திரும்பி வந்தார். மழைக்காலத்தில் காலரா வந்தது என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் அவர் வாயைத் திறக்கவில்லை.

415 கிலோமீட்டர் பாதை அது. 1943 அக்டோபரில் இரண்டு பக்கத் தண்டவாளங்களும் சேர்ந்தன. அதில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் 180,000க்கு மேல், மாண்டவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துத் தமிழர்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, அவர்களுடைய அதிகாரிகள் செத்தவர் கணக்கை மறைத்து எழுதி வைத்தார்கள். நம்மவர்களுக்கு யார் எழுதினார்கள்? காலரா வந்த முகாம்களில் குழியில் தள்ளி மூடினார்கள், எரித்தார்கள். 2023இல் காஞ்சனாபுரியில் ஒரு பௌத்தக் கோயில் வளாகத்தில் நம்மவர்களுக்காக நடுகல் நட்டிருக்கிறார்கள். நட்டவர்களுக்குக் கோடிப் புண்ணியம். அதற்கே எண்பது வருஷம் ஆகியிருக்கிறது.

மாமா இறந்த திதி தெரியாது. அதனால் அம்மா வருஷாவருஷம் மகாளய அமாவாசைக்குத்தான் இலை போடுவார். முதல் இருபது வருஷம் அதையும் போடவில்லை. ‘உசிரோட இருந்தா?’ என்பார்.

இதையெல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில் அந்த டச்சுக்காரரிடம் சொன்னேன். அவர் வரைபடத்தை மடித்து வைத்துவிட்டார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் காப்பி போட்டார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 1945 செப்டம்பர் 2ஆம் தேதி, பினாங்குக் கடலில் நின்ற நெல்சன் போர்க்கப்பலில் ஜப்பானியத் தளபதி சரணடைந்து கையெழுத்துப் போட்டார். மறுநாள் 3ஆம் தேதி பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் கரையிறங்கினார்கள். மலாயாவில் ஜப்பானியர் பிடியிலிருந்து முதலில் விடுபட்ட ஊர் நம்முடையது. எத்தனை பேருக்கு இந்தத் தேதி தெரியும்? என் பேண்டுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கே ஒல்லாந்து போய் வந்த பிறகுதான் தேடிப் படிக்கத் தோன்றியது.

இன்னொன்று. 1941 டிசம்பரில், ஜப்பான்காரன் வருகிறான் என்று வெள்ளைக்காரர்கள் தங்கள் ஆட்களை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போனபோது, கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கியது யார்? இலங்கைத் தமிழரான சரவணமுத்து. ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ நாளிதழின் ஆசிரியர். உங்கள் தொழில்காரர் என்பதால் சொல்கிறேன். ஊரில் பட்டாளமே இல்லை, கொடி பறந்தால் ஜப்பான்காரர்கள் குண்டு போட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பதால் இறக்கினார். ஊரைக் கட்டிக்காக்கக் கமிட்டி அமைத்தவரும் அவர்தான். அந்தக் கோட்டையின் நிழலில்தான் இன்றைக்கு நாம் மாலையில் பசம்பூர் தின்கிறோம்.

தொண்ணூறுகளில் ஒரு நவம்பர், கடலோரத் திடலான எஸ்பிளனேடில் இருக்கும் போர் நினைவுச் சின்னத்துக்கு என் பள்ளி பேண்டைக் கூட்டிப்போனேன். முதல் உலகப் போரில் மாண்டவர்களுக்காக எழுப்பிய கல் அது. மெது நடை, கறுப்புத் துணி போர்த்திய மேளம், எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேனில் திரும்பும்போது ஒரு பையன் கேட்டான்: ‘சார், இது யாருக்கு சார்?’ ‘வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குடா’ என்றேன். என் மாமாவின் ஞாபகம் வரவே இல்லை, ஆசிரியர் அவர்களே. உண்மையாகச் சொல்கிறேன், அந்த இரண்டையும் ஒரே முடிச்சில் கட்ட எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதுக்குப் பக்கம் இருக்கும்.

சயாமுக்குப் போனவர்கள் கூலிகள்தானே, பட்டாளக்காரர்கள் இல்லையே, அவர்களுக்கு எதற்குப் பேண்டு என்று எங்கள் கோயில் பக்கத்தில் ஒரு நண்பர் கேட்டார். மே 4இல் டச்சுக்காரர்கள் சீருடை போட்டவர்களுக்கு மட்டும் நிற்பதில்லை. பட்டினியில் போனவர்கள், முகாம்களில் போனவர்கள், குண்டுவீச்சில் போனவர்கள் எல்லாருக்குமாகச் சேர்த்துத்தான் நிற்கிறார்கள். நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களை என்ன செய்வது என்றும் அவர் கேட்டார். நல்ல கேள்வி. சயாமுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்திலேயே அந்தப் படையில் பெயர் கொடுத்தவர்கள் உண்டு. தோட்டத்தில் ஒரே லயத்து வரிசையில் ஒரு வீட்டுப் பிள்ளை ரயில்பாதைக்கும் பக்கத்து வீட்டுப் பெண் நேதாஜியின் ஜான்சி ராணிப் பெண்கள் படைக்கும் போயிருக்கிறார்கள். செப்டம்பர் 3 அந்தப் பெண்ணுக்குக் கொண்டாட்ட நாளாக இருந்திருக்காது. தோட்டத்தாருக்கும் அன்றைக்கு எல்லாம் கிடைத்துவிடவில்லை. பழைய துரை திரும்பி வந்தார், ஜப்பான்காரன் அச்சடித்த, கையில் வைத்திருந்த வாழைமரக் காசெல்லாம் ஒரே நாளில் காகிதமானது. அதனால் நான் கொண்டாட்டம் கேட்கவில்லை. டச்சுக்காரர்களின் முதல்நாள் மாதிரி ஒரு மாலை கேட்கிறேன்.

செப்டம்பர் 3 பள்ளி நாளாகத்தான் பெரும்பாலும் வரும். ஆகவே மாலை ஆறு மணி. எஸ்பிளனேடில், கடலைப் பார்த்தபடி. எந்தப் பள்ளி பேண்டாக இருந்தாலும் சரி, நான்கு பித்தளையும் இரண்டு மேளமும் இருந்தால் போதும். உரை வேண்டாம், குத்துவிளக்கு வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டவே வேண்டாம். முன்வரிசை நாற்காலிகள் ஜப்பான்காரன் காலத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு. பினாங்கிலும் செபராங் பிறையிலும் அவர்கள் இன்னும் இருக்கிறார்கள், எண்பத்தைந்தைத் தாண்டிய பாட்டிமார்தான் அதிகம். சாயங்காலத்தில் அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டுவர ஒரு பேரன் போதும். பெயர் தெரிந்த வீட்டுக்காரர்கள் சயாமுக்குப் போனவரின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வரட்டும். எந்தத் தோட்டம் என்பதையும் எழுதட்டும்.

ஒன்றைக் கூச்சத்தோடு சொல்கிறேன். உறுமி மேளக் குழுப் பையன்களை நான் ரொம்ப நாள் மதித்ததில்லை. தைப்பூசத்தில் தண்ணீர்மலை அடிவாரத்தில் அவர்கள் போடும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு போயிருக்கிறேன். சென்ற வருஷம் ஜெலுத்தோங்கில் ஒரு சாவு வீட்டில் அவர்கள் வாசிப்பதைக் கடைசிவரை நின்று கேட்டேன். பதினெட்டு வயதுப் பையன், வளைந்த குச்சியால் தோலை அழுத்தித் தேய்க்கிறான், உறுமி அப்படியே அழுகிறது. பாடை எடுக்கும்போது தாளத்தை எப்படி இறக்கவேண்டும் என்று அவனுக்கு யாரும் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. தோட்டத்தில் செத்தவனுக்குத் தப்படித்துத்தான் அனுப்புவார்கள். சயாமில் செத்தவனுக்கு அதுவும் கிடைக்கவில்லை. அதனால் அந்தப் பையன்களும் வரவேண்டும். முதலில் அவர்கள் உறுமி, அது அடங்கிய பிறகு லாஸ்ட் போஸ்ட். இரண்டும் ஒட்டுமா என்று கேட்பீர்கள். ஒத்திகை பார்த்தால் தெரியும்.

பேத்தி ஆகஸ்டு கடைசியில் விடுமுறைக்கு இங்கே வருகிறாள். கனடாவில் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் தாமதமாகப் போனால் ஒன்றும் குடிமுழுகாது என்று மகளிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், இன்னும் சம்மதம் கிடைக்கவில்லை. அவள் இல்லாவிட்டால் நான் ஊதுகிறேன். என் கார்னெட்டின் இரண்டாவது விசை சிக்குகிறது, ஆனால் இதற்கு விசை தேவையில்லை என்று முன்பே சொல்லிவிட்டேன். மேல் சுரம் என் பல்லுக்கு இப்போது வருமா என்பதுதான் சந்தேகம்.

மேளத்துக்குக் கறுப்புத் துணி நான் கொண்டுவருகிறேன். மனைவி ஆறு மீட்டர் வாங்கி ஓரம் அடித்து வைத்திருக்கிறாள். வருகிற பிள்ளைகள் மேளத்தின் அடிக்கம்பியைத் தளர்த்திக்கொண்டு வந்தால் போதும். வாரை இரண்டு ஓட்டை ஏற்றி மாட்டிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேண்டு வாத்தியார்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு